பூங்காவனம் போர்வை கேட்ட கதை

ஏசி மெக்கானிக் நம்பர்தானே? தருகிறேன். முதலில் உட்காருங்கள் சார். அது வாசலில் நின்றபடி வாங்கிக்கொண்டு போகிற விஷயம் இல்லை. என்னிடம் நிறைய நம்பர் இருக்கிறது. எதைக் கூப்பிடக்கூடாது என்பதற்குத்தான் விளக்கம் வேண்டும்.

இன்றைக்கு இரண்டாவது சனி, பேங்க் லீவு. உங்களுக்கு அவசரம் ஒன்றும் இருக்காது. இந்த மோரைக் குடியுங்கள். உங்களுக்காகக் கரைத்தேன் என்று நினைக்க வேண்டாம். கரைக்கும்போது தானாக இரண்டு டம்ளர் ஆகிவிடுகிறது. ஒன்றை நான் குடிக்கிறேன். இன்னொன்று அப்படியே இருக்கும், சாயங்காலம் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். பாருங்கள், இந்த ஒரு மாதத்தில் செடி எப்படித் தழைத்துவிட்டது.

பூங்காவனம் ஓசூரில் தங்கை ரேணுகா வீட்டில் இருக்கிறாள். நீங்கள் மாடியில் பால் காய்ச்சிய அன்றைக்கு இருந்தாளே, சிவப்புக் கரை போட்ட புடவை, அவள்தான். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்லியிருப்பார். நம்பாதீர்கள். கோபம் ஏசியின் மேல். என் மேல் இல்லை. கிளம்பும்போது அவள் சொன்னதே அவ்வளவுதான்: "ரூம் குளுந்தா போன் பண்ணுங்க, வர்றேன். குளுந்ததும் பண்ணுங்க. குளுரும்னு பண்ணாதீங்க."

எனக்குத் தனியாக இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. மெஸ்ஸில் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் சாப்பிட்டதே ராத்திரியும் இருக்கும், அதனால் குழப்பம் இல்லை.

நீங்கள் கும்பகோணம் பக்கம் அல்லவா, வேலூர் வெயில் உங்களுக்குப் புதிது. உங்கள் ஊரில் வெயில் மேலேயிருந்து மட்டும்தான் வரும். இங்கே சுற்றிலும் பாறை. பகல் முழுக்க வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்ததும் திருப்பிக் கொடுக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பூங்காவனம் ஒரே ஒரு சீலிங் ஃபேனுக்குக் கீழே குடித்தனம் நடத்தினாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருப்பாள், நான் டெப்போவில் இருந்திருப்பேன். ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாக ஏசி வாங்கி மாட்டினேன். அன்றைக்கு அவள் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தேர் பார்க்கிற மாதிரி.

பஸ் டெப்போவில் நான் ஸ்டோர் கீப்பர். சொல்லியிருக்கிறேன் அல்லவா? அட்வான்ஸ் வாங்கும்போதே சொன்னேனா? நல்லது. அப்படியானால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். ஸ்டோரில் ஒரே சட்டம்தான். பொருள் வெளியே தெரியக்கூடாது. கிரீஸ் தடவி, காகிதம் சுற்றி, மேலே தார்ப்பாய். என் காலத்தில் ஒரு போல்ட் துருப்பிடித்தது கிடையாது. வீட்டிலும் அதே முறைதான். மிக்சிக்குக் கவர், கிரைண்டருக்குக் கவர், சிலிண்டருக்குக் கவர். டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, அதன்மேல் ரப்பர் பேண்ட். எட்டை அழுத்தினால் ஐந்து வருகிறது என்பாள் பூங்காவனம். ஐந்திலும் ஏதோ படம் ஓடத்தானே செய்கிறது? "இந்த வீட்ல மூடாம இருக்கறது நாம ரெண்டு பேருதான்" என்பாள். தமாஷாகப் பேசுவாள்.

இப்போது ஏசிக்கு வருகிறேன். அறையில் இருக்கிற பாதியை நிழலில் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். இன்னொரு பாதி, அந்த ஃபேன் வைத்த பெரிய பெட்டி, பாவம், மொட்டை மாடியில் வெயிலில் நிற்கிறது. குளிர் கொடுக்க வேண்டிய பொருளை வெயிலில் காயவிட்டால் அது எங்கேயிருந்து குளிர் கொடுக்கும்? இதை எந்தக் கம்பெனிக்காரனும் யோசிக்கவில்லை. ஒரு கவர் கூடக் கொடுக்காமல் விற்கிறான்.

வாங்கிய வருஷம் கவர் போட முடியவில்லை. டெப்போவில் பஸ் சீட் தைத்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். அந்தக் கோடை முழுக்கப் பெட்டி வெறும் உடம்போடு நின்றது. நன்றாகத்தான் குளிர்ந்தது. புதுப் பொருள், எப்படியோ தாங்கிக்கொண்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஏகாம்பரம் வந்து அளவெடுத்து, கனமான தார்ப்பாயில் தைத்துக் கொடுத்தார். நாலு பக்கமும் அடி வரைக்கும் வரும், கீழே கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் ஒரு கொசு உள்ளே போகாது. காற்று கூடப் போகாது சார், அவ்வளவு நேர்த்தியான தையல்.

இந்த வருஷம் பங்குனியில் ஏசியைப் போட்டோம். பத்து நிமிஷம் குளிர். அப்புறம் மாடியில் உர்ரென்று ஒரு சத்தம். அதற்குமேல் வெறும் காற்று. பூங்காவனம் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அதுக்கு மூச்சு முட்டுதுங்க. அந்தத் துணிய எடுத்து உடுங்க" என்றாள். அவளுக்கு இரக்க சுபாவம். பூனைக்கும் அப்படித்தான் பேசுவாள், முருங்கை மரத்துக்கும் அப்படித்தான் பேசுவாள். மெஷினுக்கு ஏது மூச்சு? ஆனால் அவள் சொன்னதில் ஒரு விஷயம் இருந்தது. பெட்டியைத் தொட்டால் சுட்டது. அன்றைக்கே கவருக்கு மேல் ஒரு சாக்கை நனைத்துப் போட்டேன்.

அதற்கும் அடங்கவில்லை. அவள் ஓசூருக்குப் போனாள். நான் மெக்கானிக்கைத் தேட ஆரம்பித்தேன்.

முதல் ஆள் மின்கம்பத்து ஸ்டிக்கரில் கிடைத்தான். ஜெயபால். நாளைக்கு வருகிறேன் என்றான். நானும் தயாரானேன். டெப்போவில் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் காலையிலேயே தார்ப்பாயை எல்லாம் எடுத்து மடித்துவிடுவோம். சாமானைத் துடைத்து வரிசையாக வைப்போம். மூடியபடி காட்டினால் எதையோ மறைக்கிறோம் என்று ஆகிவிடும். அந்த ஒழுங்கு எனக்கு இன்னும் விடவில்லை. மெக்கானிக் வருகிற நாளில் காபி குடிப்பதற்கு முன்பே மேலே போய், சாக்கை எடுத்து, கவரைக் கழற்றி, பெட்டியை ஈரத்துணியால் துடைத்து வைத்துவிடுவேன்.

ஜெயபால் வந்து ஏசியைப் போட்டான். குளிர்ந்தது சார். என்னை வைத்துக்கொண்டே குளிர்ந்தது.

"நல்லாத்தான இருக்கு அங்கிள்?"

இப்போது நன்றாக இருக்கும், நீ போனதும் இருக்காது என்றேன்.

"நான் போய்ட்டேன்னு அதுக்கு எப்பிடி அங்கிள் தெரியும்?"

இதைக் கண்டுபிடிக்கத்தான் அவனைக் கூப்பிட்டேன், அவன் என்னைக் கேட்கிறான். எதற்கும் கொஞ்சம் கேஸ் ஏற்றுகிறேன் என்று ஏதோ செய்துவிட்டுப் போனான். வெயில் ஏறுவதற்குள் நான் மேலே ஓடிக் கவரைப் போட்டுவிட்டு ஓசூருக்குப் போன் செய்தேன். குளிர்ந்துவிட்டது, வா என்றேன். பொய் இல்லையே? குளிர்ந்ததே.

வந்தாள். அவள் வருகிறாள் என்று முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். கட்டிலில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம். உர்ர். கட்டிலைவிட்டு எழுந்தாள். "பைய இன்னும் பிரிக்கல, நல்லதாப் போச்சு" என்று மறு பஸ் ஏறிவிட்டாள்.

டெப்போவில் இது மாதிரி பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் எழுதி வைப்பார். ஃபோர்மேன் ஏறி ஒரு சுற்று ஓட்டினால் நன்றாகப் பிடிக்கும். அவர் இறங்கியதும் பிடிக்காது. ஆளைப் பார்த்து நடக்கிற சாமான் உண்டு. என் ஏசி அந்த ஜாதி.

இரண்டாவது ஆளைப் போனில் ஆப் வழியாகப் பிடித்தேன். எதிர்வீட்டு அம்மாளின் மகள்தான் அமுக்கிக் கொடுத்தாள். நீல டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தான். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். ஏற்கெனவே நான் துடைத்து வைத்திருந்த பெட்டி, அதில் கழுவ என்ன இருக்கிறது? கழுவிவிட்டு அதன் பக்கத்தில் நின்று தன்னையே போட்டோ எடுத்துக்கொண்டான். ஏசி ஜில்லென்று அடிக்கிறது. அந்தக் குளிரிலேயே ஐந்து ஸ்டார் கேட்டு வாங்கிக்கொண்டான். அங்கேதான் நான் ஏமாந்தேன். ஸ்டாரை ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த முறை பூங்காவனம் ரேணுகாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள், சாட்சிக்கு. பத்து நிமிஷம். உர்ர். ரேணுகா என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க ஊட்டு ஃபேனே இத உட பரவால்ல மாமா." ஓசூர்க்காரி பேசுவாள். ஊரே குளிர்கிறது, ஃபேனுக்கு என்ன பெருமை?

அதற்கப்புறம் எனக்குப் போன் செய்யவே தயக்கமாகிவிட்டது. நேற்றைக்கு அவளே கூப்பிட்டாள். நவாஸ் பாய் வருகிறார், பெரிய ஜவுளிக்கடைக்கெல்லாம் அவர்தான் ஏசி பார்க்கிறவர் என்றேன். அப்புறம், "நாளைக்கு வர்றேன். இந்த வாட்டியும் இப்பிடித்தான்னா ஆடி கழிஞ்சுதான் பாத்துக்கணும்" என்றாள். ஆடி கழிய எவ்வளவு காலம் இருக்கிறது? அதுவரை கறிவேப்பிலைச் செடி மரமாகிவிடும்.

இன்று காலையில் நவாஸ் பாய் வந்தார். வழக்கம்போலக் குளிர்ந்தது. ஏசிக்குக் கீழே நாற்காலியைப் போட்டு, காதைக் கொடுத்துக் கேட்டார். கொஞ்சம் கண் அசந்துவிட்டார் என்றுகூட நினைக்கிறேன். எழுந்து, "இதுக்கு ஒண்ணுமே இல்ல சார், காசு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. காசு வாங்காத மெக்கானிக்கை எதை வைத்து நம்புவது?

அவள் பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகிறது. அவள் வந்து சேர்வதற்குள் மேலே போய்க் கவரைக் கட்டிவிட வேண்டும். இதோ, நாற்காலிக்குக் கீழே மடித்து வைத்திருக்கிறேன் பாருங்கள். இது பழைய தார்ப்பாய் இல்லை. ரெக்சின், உள்ளே இன்னொரு மடிப்பு. ஏகாம்பரம் போன வாரம்தான் தைத்துக் கொடுத்தார். காலையில் ஒருமுறை படி ஏறியதிலேயே முட்டி பிடித்துக்கொண்டது, அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் கதையே பேசிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஏசிக்கு என்ன கோளாறு என்று கேட்கவே இல்லையே.

பத்து நிமிஷம் குளிரா? அப்புறம் வெறும் காற்றா? மாடியில் உர்ரென்று சத்தமா?

எப்போதிலிருந்து?

போன ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் குடும்பத்தோடு ரத்தினகிரி கோவிலுக்குப் போன அன்றைக்கு. திரும்பி வந்ததிலிருந்து. அப்படியானால் இது ஏசிக் கோளாறு இல்லை சார், ஏரியாக் கோளாறு. கரண்ட்டில் ஏதோ வருகிறது. நல்லவேளை, அன்றைக்குச் சாயங்காலமே நான் உங்கள் பெட்டிக்கும் கவர் போட்டுவிட்டேன். இல்லாவிட்டால் இந்நேரம் என்ன ஆகியிருக்குமோ.

ஆமாம், நான்தான். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது எனக்குப் பிடிக்காது. ரெக்சின் வந்ததால் அந்தத் தார்ப்பாய் கவர் சும்மா கிடந்தது. பக்கத்திலேயே உங்கள் பெட்டி வெயிலில் நின்றது. மனசு கேட்கவில்லை. குழந்தை இருக்கிற வீடு. பழைய கவர் என்று நினைக்காதீர்கள், கயிறு புதிது.

என்ன சார், புரைக்கேறிவிட்டதா? தலையில் தட்டிக்கொள்ளுங்கள். மெதுவாகக் குடியுங்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? மாடிக்கா? இந்த வெயிலிலா?

நீங்களே கட்டிவிடுகிறீர்களா? என் கவரையா? உங்களுக்கு எதற்கு சார் சிரமம். சரி, என் முட்டிக்கு நல்லதுதான். மொட்டை மாடிச் சாவி ஆணியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் முதலில் மாட்டுங்கள். கயிற்றைச் சுற்றி இழுத்து, இரட்டை முடிச்சு. மேலே போய்விட்டு உங்கள் கவரின் முடிச்சும் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். நம்பரை அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அந்த டம்ளரை வைத்துவிட்டுப் போங்கள் சார். அது அவளுடையது.

●

திறங்கள் சார், நான்தான், தணிகாசலம். படி ஏறக்கூடாதுதான். ஆனால் இதைப் போனில் சொல்ல முடியாது. இந்தத் தூக்கை வாங்கிக்கொள்ளுங்கள், பாயசம். பூங்காவனம் கொடுத்தனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமையில் என்ன விசேஷம் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாள்.

நேற்று நீங்கள் மாடியிலிருந்து இறங்கி நேராக உங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள், அதனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். முடிச்சுப் போட்டாயிற்றா என்று நான் கீழேயிருந்து கத்தினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று குரல் மட்டும் வந்தது. அடுத்த ஆட்டோவில் அவள் இறங்கினாள்.

பையை வாசலிலேயே வைத்தாள். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் கதவோரமாக நின்றேன். ஜெனரல் மேனேஜர் ஆய்வுக்கு வந்தபோதுகூட நான் அப்படி நின்றதில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. இதோ சத்தம் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். வரவில்லை. அவள் என்னைப் பார்க்கிறாள், நான் ஏசியைப் பார்க்கிறேன். இன்னும் பத்து நிமிஷம். காலைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். அப்புறம் கேட்டாள் சார்.

"ஒரு போர்வ எடுத்துக் குடுங்க."

அக்கினி நட்சத்திரம். வேலூர். மத்தியானம். போர்வை.

போர்வை பீரோவுக்கு மேலே இருந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவருக்கு மேல் கயிறு கட்டி நானே வைத்தது. ஏறி எடுத்துவிட்டேன். முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நானே போட்ட இரட்டை முடிச்சு. எங்கே அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். சமையலறையிலிருந்து கத்தியைக் கொண்டுவந்து கவரோடு சேர்த்து அறுத்தேன். என் வாழ்நாளில் நான் ஒரு கவரை அறுத்தது அதுதான்.

சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். எழுந்ததும் முதல் கேள்வி, "யாரு வந்து சரி பண்ணது?"

யாரும் இல்லை, நவாஸ் பாய் கையைக்கூட வைக்கவில்லை, மேல்வீட்டு சார் கவர் மட்டும் கட்டினார் என்றேன்.

"கவரு கட்டினாரா?"

கட்டினார்.

"மாடிச் சாவி எங்க?"

அவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, இதோ போய் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். "அவருகிட்டயே இருக்கட்டும். உங்க முட்டிக்கு இனிமே மாடி ஆவாது" என்றாள். பார்த்தீர்களா, ஒரு மாதம் பிரிந்திருந்தாலும் என் முட்டி ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்லும்போது வாயைப் போர்வையால் பொத்திக்கொண்டாள். குளிர் அந்த அளவுக்கு.

உங்களுடையதும் குளிர்கிறதா? நேற்றிலிருந்தா? நான் நினைத்தேன் சார். ராத்திரி பூரா இதைத்தான் யோசித்தேன். கவர் அதேதான். பெட்டி அதேதான். வெயிலும் குறையவில்லை. மாறியது கை மட்டும்தான். கைராசி என்பது இதுதான். மூடி வைக்கிற அறிவு எனக்கு இருந்தது, கட்டுகிற ராசி இல்லை. ஒப்புக்கொள்கிறேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முடிச்சும் இனி உங்கள் பொறுப்பு.

எதிர்வீட்டு அம்மாள் ஏசிக்கும் அளவெடுத்து ஏகாம்பரத்திடம் கொடுத்துவிட்டேன். இல்லை, அவர்களுடையது நன்றாகத்தான் குளிர்கிறது. கெட்டுப்போகிற வரைக்கும் காத்திருப்பானேன்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை கவர் வந்துவிடும். நீங்கள் ஒரு நடை வந்து கட்டிவிடுங்கள். அந்த வரிசையில் இன்னும் மூன்று வீடுகளில் ஏசி இருக்கிறது, ஒன்றிலும் கவர் கிடையாது. பார்க்கவே வயிறு எரிகிறது.

மெக்கானிக் நம்பர் கேட்டீர்களே, எழுதிக்கொள்கிறீர்களா? வேண்டாமா? சரிதான், உங்களுக்கு எதற்கு. இனிமேல் தெருவில் யார் கேட்டாலும் உங்கள் நம்பரைத்தான் கொடுக்கப்போகிறேன்.

வருகிறேன் சார். கீழே மோர் கரைத்து வைத்திருப்பாள். இரண்டு டம்ளர்தான், கணக்கு சரியாக இருக்கிறது. கறிவேப்பிலைச் செடிதான் பாவம்.